உள்ளளவு

பெட்டிக்காரர் தன் மனைவிக்கு டீ போட்டு, ஆறிவிடாமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, எதிர் நாற்காலியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்தவள் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அந்தத் தட்டைப் பார்த்துவிட்டாள். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவர் தானாக டீ போட்ட நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அத்தனை தடவையும் டீக்குப் பின்னால் ஒரு சங்கதி இருந்திருக்கிறது. ஒரு தடவை அவளைக் கேட்காமல் ஓட்டை வேன் ஒன்றை வாங்கியிருந்தார். இன்னொரு தடவை அவர் தம்பி குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் தங்கப்போவதாகச் சேதி வந்திருந்தது.

"இப்ப யாரு வரா?" என்றாள்.

"யாரும் வரல. நீ முதல்ல டீயைக் குடி."

அன்று பகல் முழுக்க அவர் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கூட்டத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். சிறுதொழில் செய்கிறவர்களுக்கான கூட்டம். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி, ஒரு கார் கம்பெனி எப்படி ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று மூன்று மணி நேரம் பேசினார். பெட்டிக்காரருக்குப் பள்ளிக்கூட நாட்களில்கூட இவ்வளவு ஆர்வம் வந்ததில்லை. இருபத்தோரு பக்கம் எழுதிவிட்டார். ஏழு ஆட்களை வைத்து அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்றைப் பதினோரு வருடமாக நடத்துகிறவர் அவர். பெட்டியைப் பற்றி நமக்குத் தெரியாதது இனி என்ன இருக்கிறது என்று போனவர், ஒன்றுமே தெரியாமல் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோமே என்று தலைகால் புரியாமல் திரும்பியிருந்தார்.

"கேளு. அந்தக் கம்பெனியில ஒரு கயிறு இருக்காம். கார் நகர்ற வரிசைக்கு மேலயே போகுமாம். தப்பா ஏதாவது கண்ணுல பட்டா யாரு வேணாலும் இழுக்கலாம். நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆள்கூட இழுக்கலாம். இழுத்தா வரிசையே நின்னுடும். மொத்த வரிசையும்! நினைச்சுப் பாரு."

அவள் டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "எங்க இதுல மஞ்சக் கலரு," என்றாள்.

"எங்க எதுல?"

"எங்க கம்பெனியில. தினமும் என் தலைக்கு மேலதான தொங்குது."

பெட்டிக்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். மனைவி பதினான்கு வருடமாகக் கார்த் தொழிற்சாலைக்குத்தான் போய்வருகிறாள். மேடைக்காரர் சொன்னது வேறு கம்பெனி, இவளுடையது வேறு கம்பெனி. ஆனால் கயிறு எல்லாம் ஒரே கயிறுதான் போலிருக்கிறது. கார்க் கதவுக்கு ரப்பர் மாட்டுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஷிப்ட் எத்தனை மணிக்கு, வண்டி எந்த முனையில் நிற்கும், எந்த மாதம் ஷூ தருவார்கள் என்பதெல்லாம் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. ரப்பர் மாட்டுவதில் கேட்க என்ன இருக்கிறது?

அவர் விடவில்லை. பக்கத்தைப் புரட்டினார். "சரி, இது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம். வெறும் இடம் இல்ல, அந்தச் சாமானோட உருவத்தை அங்க வரைஞ்சு வைக்கணும். எடுத்தா எடுத்த இடம் காலியாத் தெரியும். போட்டோவே காட்டினாரு. அசந்துட்டேன்."

அவள் எழுந்து போய் அடுப்படி அலமாரியின் கதவைத் திறந்து, அதன் உள்பக்கத்தைக் காட்டினாள். கத்தரிக்கோல் ஒன்று ஆணியில் தொங்கியது. அதைக் கையில் எடுத்தாள். பின்னால் பென்சிலால் வரைந்த கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் டார்ச் லைட், ஸ்க்ரூடிரைவர், வேன் சாவி. எல்லாவற்றுக்கும் கோட்டுப்படம். ஆறு வருடத்துக்கு முன்னால், நல்ல கதவைக் கிறுக்கி நாசம் பண்ணிவிட்டாள் என்று அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே கதவு.

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்று சொல்லிவிட்டு அலமாரியை மூடினாள். மூடிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, திருப்தியாக இல்லாததால் இன்னொரு முறை திறந்து மூடினாள். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். பிரிட்ஜ் கதவையும் அவள் விட்டுவைத்ததில்லை.

அடிபட்ட பெருமையோடு பெட்டிக்காரர் நோட்டை மூடினார். ஆனால் கயிறு மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் கேக் பெட்டியின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், தன் பட்டறையிலும் கட்டப்போகிற கயிற்றுக்கு மேலே மாட்டுவதற்காக, 'தப்பைக் கண்டால் இழுக்கவும்' என்று ஓர் அட்டையில் சிவப்புப் பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தார். கை வரைபடத்தில் இருந்தால் கண் பெயின்டில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கேக் பெட்டி என்பது சும்மா ஒரு பெட்டி இல்லை. ஊரில் நான்கு கடை வைத்திருக்கிற கேக் கடைக்காரர், உயரமான புதுக் கேக் ஒன்றைக் கொண்டுவரப்போகிறார். உச்சியில் சர்க்கரையால் செய்த ஒரு பூ. வழக்கமாக அவருக்குப் பெட்டி கொடுக்கிற ஆள் செய்த பெட்டியில் அந்தப் பூ ஒவ்வொரு முறையும் நசுங்கிப்போனதாம். "நீங்க நாலாயிரம் செஞ்சு குடுங்க. பூ நசுங்காம வந்துச்சுன்னா நாலு கடைப் பெட்டியும் இனிமே உங்களுதுதான். நசுங்கிச்சுன்னா பழைய ஆளே தேவலை," என்று பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாகப் பட்டறையில் வாரத்தில் இரண்டு நாள் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். ஆட்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பாதிப் பகலில் கிளம்பிப் போவதைப் பார்க்கச் சகிக்காமல் பெட்டிக்காரர் அந்த நேரத்தில் கிடங்குக்குள் போய் எதையாவது எண்ணுகிற மாதிரி நிற்பார். நான்கு கடைப் பெட்டி கிடைத்தால் அந்த இரண்டு மதியமும் திரும்பி வந்துவிடும்.

ஆர்டர் வந்த அன்றே எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். உயரம் இருபது சென்டிமீட்டர் என்றதும் பசை அக்கா மேசை மேல் கிடந்த ஸ்கேலில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். பெட்டிகளின் பக்கவாட்டை ஒட்டுகிறவர் அவர். பட்டறை ஆரம்பித்த நாள் முதலாக இருக்கிறார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை சரியாக இருபது. "அட, என் சாணுக்குன்னே செஞ்ச கேக்கு போல இருக்கே தம்பி," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் பெட்டிக்காரர் ஸ்டூல் மேல் ஏறி, பட்டறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை துணி காயப்போடுகிற மஞ்சள் நைலான் கயிற்றைக் கட்டினார். இரண்டு இடத்தில் கைக்கு எட்டும்படி முனை தொங்கவிட்டார். ஒன்று அட்டை வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில், மற்றொன்று பசை மேசைக்கு மேலே. கயிற்றை இழுத்தால் அடிக்க மணி வேண்டுமே. வீட்டில் அக்கம்பக்கத்தார் தொல்லை தாங்காமல் கழற்றி வைத்த அழைப்பு மணி ஒன்று இருந்தது. அதை மாட்டினார். இழுத்துக் காட்டினார். குருவிக் கூட்டம் ஒன்று சேர்ந்து கத்துகிற மாதிரி கீச் கீச் என்று கத்தித் தீர்த்தது. மெஷின்காரர் தாடையைத் தடவிக்கொண்டு, "நல்லா இருக்கு முதலாளி. தீனி போடணுமா?" என்று கேட்டார்.

மறுநாளே குருவி கத்திவிட்டது. பெட்டிக்காரர் அப்போது தடுப்புக்குப் பின்னால் இருந்த தன் மேசையில் போன் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு சீக்கிரம் கத்தும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. பேச்சைப் பாதியில் விட்டு, அரக்கப் பரக்க ஓடி வந்தார். மெஷின் நின்றிருந்தது. ஏழு பேரும் நின்றிருந்தார்கள்.

"யாரு? யாரு இழுத்தது?"

சத்தமாகக் கேட்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஓடி வந்த மூச்சில் அது சத்தமாகத்தான் வந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். கடைசியில் மெஷின்காரர், "தெரியாம கை பட்டுருச்சு முதலாளி," என்றார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் கதவைப் பூட்டப்போகிற நேரத்தில்தான் பெட்டிக்காரர் மூலையில் ஒரு கட்டு அட்டை தனியாக ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தார். தொட்டால் சில்லென்று இருந்தது. ஓரம் முழுக்க ஈரம். கை பட்டதல்ல என்று புரிந்தது. ஆனாலும், புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு குருவி கத்தவே இல்லை. ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. முதலில் பெட்டிக்காரர் பெருமைப்பட்டார். தப்பே நடக்கவில்லை, அதனால்தான் யாரும் இழுக்கவில்லை. பிறகு மெல்லச் சந்தேகம் வந்தது. பதினோரு வருடமாகத் தினம் ஒன்றாவது நடக்கிற தப்பு, கயிறு கட்டியதும் பயந்து ஓடியா போயிருக்கும்? ஆட்களுக்குத் தொழில் மேல் அக்கறை இல்லை என்று மனைவியிடம் புலம்பினார். மேடைக்காரர் சொன்னதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் லாயக்கு, நம்ம மாதிரி ஆளுக்கு இல்லை என்றார். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறார்கள், வாயைத் திறந்து ஒன்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றார்.

"நான் வந்து பாக்கட்டுமா?" என்றாள் அவள்.

பட்டறை ஆரம்பித்த புதிதில் வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டு வேலை, ஷிப்ட் வேலை என்று நேரம் கிடைக்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆட்கள் வெளியே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள். பசை அக்கா அவளைப் பார்த்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துப் போய்விட்டாயே என்றார். உள்ளே வந்தவள் மெஷினைப் பார்க்கவில்லை, பெட்டிகளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கயிற்றைத்தான் பார்த்தாள். பசை மேசைக்கு மேலே தொங்க வேண்டிய முனையைக் காணோம். யாரோ அதை அழகாகச் சுருட்டி, சுவரில் உயரமாக ஓர் ஆணியில் மாட்டியிருந்தார்கள். தலையில் இடிக்கிறது என்று மாட்டியிருப்பார்கள். பெட்டிக்காரர் இத்தனை நாள் அதைக் கவனித்தே இருக்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க," என்றாள். "எங்க இதுல கை படுற இடம் கன்னங்கரேல்னு இருக்கும். மஞ்சக் கலரு தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவாங்க."

"அதான் சொல்றேனே, யாரும் தொட மாட்டேங்கிறாங்க."

"ஒரு தடவை தொட்டாங்கன்னீங்களே. அப்ப நீங்க வந்து என்ன கேட்டீங்க?"

பெட்டிக்காரர் யோசித்தார். சொன்னார். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

அவள் முனையைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்டூலிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். தன் வேலையைப் பற்றி அவள் அவ்வளவு நேரம் பேசியதை அவர் அன்றுதான் கேட்டார். சேர்ந்து நான்காவது மாதம். கதவு ரப்பர் ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருக்கிற மாதிரி விரலுக்குப் பட்டது. கார் நகர்ந்துகொண்டே இருக்கிறது. விட்டுவிடலாமா, இழுக்கலாமா. கண்ணை மூடிக்கொண்டு இழுத்துவிட்டாள். மணி அடித்தது. வரிசை நின்றது. நிமிடத்துக்கு ஒரு கார் போகிற வரிசை அது. அத்தனை பேரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்ததாம்.

"சூப்பர்வைசர் ஓடி வந்தாரு. வந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா?"

"என்ன கேட்டாரு?"

"அதையேதான் கேட்டாரு. 'என்ன'ன்னு. யாருன்னு கேக்கல. நான் காட்டினேன். விரலை வெச்சுத் தடவிப் பாத்தாரு. ஒண்ணுமே இல்ல. அந்த மாடல் ரப்பரே அப்படித்தானாம். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு காரையே முழுங்கிட்டேனே. அவரு, 'நல்லாப் பாத்தீங்கம்மா, அடுத்த தடவையும் இழுங்க'ன்னுட்டுப் போயிட்டாரு." கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தாள். "அன்னிக்கு அவரு லேசா மூஞ்சியைச் சுளிச்சிருந்தாருன்னு வைங்க, இன்னிக்கு வரைக்கும் நான் அந்தக் கயித்தைத் தொட்டிருக்க மாட்டேன். கார் கதவு கழண்டு விழுந்தாலும் பேசாம நின்னிருப்பேன்."

பெட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. நோட்டுப் புத்தகத்தில் இருபத்தோரு பக்கம் இருக்கிறது. அதில் 'இழுத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும்' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறார். யாரு என்று கேட்கக் கூடாது என்பது மட்டும் அதில் எங்கும் இல்லை. ஒருவேளை மேடைக்காரர் சொல்லியிருப்பார், இவர் அந்த நேரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

மறுநாள் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, "நன்றி," என்று சொல்லிப் பார்த்தார். விழா மேடையில் மாலை போடப்போகிற மாதிரி இருந்தது. "ரொம்ப நன்றி," என்றார். இன்னும் மோசம். பட்டறைக்குப் போனதும் நேராக மெஷின்காரரிடம் போய் நின்றார்.

"அண்ணே, அன்னிக்குக் கை பட்டுருச்சுன்னீங்களே..."

"ஆமா முதலாளி. பட்டுருச்சு."

"இல்லண்ணே. அட்டை ஈரமா இருந்துச்சு. நான் அன்னிக்கே பாத்துட்டேன். நீங்க இழுத்தது சரிதான். நான்தான் வந்து கத்திட்டேன்."

மெஷின்காரர் மெஷினை நிறுத்தினார். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "கொஞ்சம் ஈரம்தான்," என்றார் கடைசியில். மெஷினை மறுபடி ஓடவிட்டார். மதியம் பெட்டிக்காரர் அந்தப் பக்கம் போனபோது ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த கயிறு அவிழ்ந்து பசை மேசைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. யார் அவிழ்த்தது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை கேக் பெட்டிக்கான அச்சு வந்துவிட்டது. வரைபடத்தைக் கொடுத்தால் பலகையில் பிளேடுகளைப் பதித்து அச்சு செய்து தருகிற கடை ஒன்று இருக்கிறது. அந்த அச்சை மெஷினில் பூட்டி அட்டையைக் கொடுத்தால் வெட்டும் விழும், மடிப்புக் கோடும் விழும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை சரக்கு போய்ச் சேர வேண்டும். பெட்டிக்காரர் குட்டி போட்ட பூனை மாதிரி மெஷினுக்கும் பசை மேசைக்கும் நடுவே அலைந்தார். வெள்ளை அட்டை, பளபளவென்று இருந்தது. எட்டரை மணிக்குக் கேக் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"கவலையே படாதீங்க. நாளைக்குக் காலையில வண்டி உங்க கடை வாசல்ல நிக்கும். ஒரு பூ..." என்று பெட்டிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போது குருவி கத்தியது.

மெஷின் நின்றது. அந்த ஓசை நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய ஓசை என்று தெரிந்தது. "ஒரு நிமிஷத்துல கூப்பிடுறேன்," என்று போனை வைத்தார். இந்த முறை ஓடவில்லை. நடந்தார். ஆனால் நெஞ்சு ஓடியது. இன்றைக்குப் போயா, இந்த நாலாயிரத்தின் நடுவிலா? தடுப்பைத் தாண்டி வந்து நின்றார். ஏழு பேரும் நின்றிருந்தார்கள்.

"யா..." என்றது அவர் வாய்.

பழகின வாய். அது தன் வழக்கப்படிதான் போகும். ஏழு பேர் கண்ணும் தரைக்குப் போயின. பெட்டிக்காரர் அந்த ஓர் எழுத்தைப் பிடித்து விழுங்கினார். இருமினார். இன்னொரு முறை இருமினார்.

"என்ன?" என்றார்.

ஒட்டி முடித்து, அடிப்பக்கமும் மேல்பக்கமும் மடித்து நிறுத்திய பெட்டி ஒன்று பசை அக்கா முன்னால் இருந்தது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெட்டிக்குள் கையை விட்டு, கட்டைவிரலை அடியில் ஊன்றிச் சாணை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் நேராக நிற்கவில்லை. மேல் அட்டையில் முட்டி மடங்கியது. அழுத்தியதில் விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

அந்த விரல் இருக்கிற இடத்தில்தான் சர்க்கரைப் பூ இருக்கும்.

"வரைபடத்துல இருபதுதான போட்டிருக்கு," என்றார் பெட்டிக்காரர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. ஏழு பேருக்கும் தெரியும் என்பதும் தெரிந்தது. ஏனென்றால் அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, 'சொல்ற அளவு உள்ளளவா, வெளியளவா?' என்பதுதான். வெளியே இருபது இருந்தால் உள்ளே இருபது இருக்காது. அட்டையின் கனம் மூன்று மில்லி. அடியில் இரண்டு மடிப்பு, மேலே இரண்டு மடிப்பு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அட்டையே சாப்பிட்டுவிடும். கேக் கடைக்காரர் சொன்னது உள்ளளவு. பெட்டிக்காரர் அதைக் கேட்டும் வாங்கினார், எழுதியும் வைத்தார். வரைபடம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, கண் சிவப்புப் பெயின்டில் இருந்தபோது, கை அதை வெளியளவாகப் போட்டுவிட்டது. 'தப்பைக் கண்டால் இழுக்கவும்.' நிமிர்ந்து பார்த்தார். அந்த எழுத்து மட்டும் நன்றாகத்தான் வந்திருந்தது.

"எத்தனை ஓடிருக்கு?" என்றார்.

"இருநூத்திப் பத்து," என்றார் மெஷின்காரர்.

இருநூற்றுப் பத்து. நாலாயிரத்தில் இருநூற்றுப் பத்து. அவர் மனசு கணக்குப் போடவில்லை, படம் போட்டது. நாளைக்குக் காலையில் நான்கு கடையிலும் நாலாயிரம் பெட்டி திறக்கிறது, ஒவ்வொன்றிலும் தலை நசுங்கிய ஒரு பூ. அதைப் பார்த்துவிட்டுக் கேக் கடைக்காரர் போனை எடுக்கிறார். இங்கே இவர்கள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பாதிப் பகலில் கிளம்புகிறார்கள். பசை அக்கா இன்னும் கையைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். முதலாளி போட்ட அளவு தப்பு என்று முதலாளிக்கே காட்டிய கை. அதை வெளியே எடுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த சொல் ஞாபகம் வந்தது. இந்த இடத்தில்தான் அதைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

"நல்லவேளைக்கா," என்றார்.

சொன்ன பிறகு மூச்சு வந்தது. "நல்லவேளை. பெரிய நல்லவேளை," என்று இன்னொரு முறை சொல்லி, பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பசை அக்கா கையை வெளியே எடுத்தார். "நான்கூட என் கைதான் வளந்துருச்சோன்னு நினைச்சேன் தம்பி," என்றார். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மெஷின்காரர் சிரித்தார். பெட்டிக்காரருக்கும் சிரிப்பு வந்தது. அது அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான்.

கேக் கடைக்காரருக்குப் போன் செய்தபோது அச்சுக் கடை மேல் பழியைப் போடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பூசி மெழுகிச் சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "என் தப்புதாங்க. உள்ளளவு போடாம விட்டுட்டேன். எங்க ஆளுங்க கண்டுபிடிச்சு நிறுத்திட்டாங்க. புது அச்சை அவசரமா செஞ்சு வாங்கிடுறேன், ரெண்டு நாள் தள்ளிப்போகும்," என்றார். அந்தப் பக்கம் ஏதோ தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. கேக்கையே தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. பிறகு, "கையால ஒரு பெட்டி செஞ்சு எடுத்துட்டு வாங்க. வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

மதியம் பெட்டிக்காரர் கத்தியால் ஒரு பெட்டியை வெட்டினார். பசை அக்கா ஒட்டினார். உள்ளே கையை விட்டுச் சாணை விரித்துப் பார்த்தார். சுண்டுவிரல் நுனிக்கு மேலே ஒரு நூல் இடம் இருந்தது. இருவரும் ஓட்டை வேனில் போனார்கள். கேக் கடைக்காரர் கேக்கைப் பக்கவாட்டில் உள்ளே நகர்த்தி, மூடி, பெட்டியைத் தூக்கி, கொஞ்சம் குலுக்கியும் பார்த்தார். திறந்தார். பூ நின்றது. "சரி, வியாழக்கிழமை," என்றார். நான்கு கடைப் பெட்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் பசை அக்காவிடம், "கையால அளந்தீங்களாமே?" என்று கேட்டார். அக்கா கையை விரித்துக் காட்டினார். அவர் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அவர் கை சின்னது.

திரும்பி வரும்போது பட்டறை வாசலில் ஒரு ஜோடி தொழிற்சாலை ஷூ கிடந்தது. மனைவி ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருந்தாள். மெஷின்காரர் சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் தெரியாத மாதிரி பசை மேசைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கு எப்படி இருக்குமோ தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

"யாரு இழுத்தது?" என்று அவள் வேண்டுமென்றே கேட்டாள்.

"யாருன்னு கேக்கக் கூடாதாம்," என்றார் அவர். "எங்க கம்பெனியில அப்படித்தான்."

சுத்தமாக இருந்த மஞ்சள் கயிற்றின் முனையில் வெள்ளையாக, கெட்டியாக நான்கு விரல் தடம் பதிந்திருந்தது. பசை பாதிதான் காய்ந்திருந்தது. காய்ந்த இடம் கண்ணாடி மாதிரி மாறிக்கொண்டிருந்தது. மிச்சம் இன்னும் ஈரமாகவே இருந்தது.